மெட்ராஸ் போகிறவர்கள் மட்டும்

"இக்குடும்பத்தைச் சேர்ந்து, மெட்ராஸ் பெருநகர எல்லைக்குள் பணிபுரிபவர் எவரேனும் உளரா?"

அச்சடித்த படிவத்தில் இருந்த கேள்வி இதுதான். இதை அப்படியே கேட்டால் யாரும் பதில் சொல்வதில்லை. யாரையோ பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அதனால் சவரிநாதன் தன் பாஷையில் கேட்டுப் பழகியிருந்தார்.

"ஒங்க வூட்டு ஆளு யாராச்சும் மெட்ராஸ்ல வேல செய்யறாங்களாம்மா?"

முகையூரைத் தாண்டி, பஸ் போகாத ஒரு சிற்றூர். தை மாதத்து வெயில். புங்க மரத்தடியில் இரண்டு பெண்கள் விதைக்கு மல்லாட்டை என்கிற நிலக்கடலையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இளையவளான அம்சா தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"என் வூட்டுக்காரரு சாராயக் கடையில வேல செய்யறாரு சார். அத எழுதுவீங்களா?"

"அங்க என்ன வேல?"

"காலி பண்ற வேலதான்."

பக்கத்திலிருந்த சின்னபொண்ணு சிரித்தாள். சிரித்து முடித்ததும் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "என் பொண்ணு கீது சார் மெட்ராஸ்ல" என்றாள்.

1986ஆம் ஆண்டு அது. மெட்ராஸ் பெருநகரம் ஒரு வருடத்தில் மொத்தம் எவ்வளவு உற்பத்தி செய்கிறது என்று மதிப்பிடுவதற்காக ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. பெரிய தொழிற்சாலைகளைக் கணக்கிடுவதில் சிரமம் இல்லை; அவை தாங்களே சொல்லிவிடும். ஓட்டலில் மாவரைப்பவன், கட்டடத்துக்குச் சவுக்குக் கழி கட்டுபவன், வீட்டு வேலை செய்பவள் எல்லாம்தான் சிரமம். இவர்கள் வேலை செய்வது மெட்ராஸில். பெயர் இருப்பது ஊரில். அதனால் ஆட்களை அனுப்பும் மாவட்டங்களில் வீடு வீடாகக் கேட்டு, அவர்கள் சொல்லும் விலாசத்தை மெட்ராஸில் இன்னொரு குழு நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. தென்னார்க்காடு மாவட்டத்தின் வடபகுதிக்கு விழுப்புரத்துக்காரரான சவரிநாதனைத் தற்காலிகமாக வேலைக்கு எடுத்திருந்தார்கள். போன ஆடியில் திண்டிவனம் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து பயணிகளை விசாரிப்பதில் வேலை தொடங்கியது. இப்போது கிராமங்கள். சித்திரையில் மறுபடியும் பஸ் நிலையம்.

"பொண்ணு பேரு?"

"செம்பகம். செண்பகம்னு எழுதிக்குங்க, இஸ்கோல்ல அப்படித்தான் எழுதினாங்க."

"வயசு?"

"பதினஞ்சு நடக்குது. பதினொன்னுல போச்சு. அவரு பாம்பு கடிச்சி போயிட்டாரு, அதுக்கு மறு வருசம்."

திண்டிவனத்தில் அரிசி மண்டி வைத்திருக்கும் சுப்பராயலுதான் அழைத்துப் போனார். அவருடைய மகளை மெட்ராஸில் கட்டிக் கொடுத்திருந்தது. இரண்டு சின்னக் குழந்தைகள். அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வேண்டும் என்றார். மண்டி லாரியிலேயே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

"சம்பளம் எவ்வளவு தர்றாங்க?"

"சம்பளம்லாம் இல்ல சார். சோறு போட்டு, துணி எடுத்துக் குடுத்து, வயசு வந்ததும் அவங்களே கல்யாணம் பண்ணி வெச்சிடுவாங்க. அப்படித்தான் பேச்சு."

சவரிநாதனின் பேனா நின்றது. அந்த இடத்தில் ஓர் எண் வேண்டும். சோறு, துணி என்று ஓரத்தில் எழுதினார்.

அம்சாவுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. "மெட்ராஸ்ல இன்னா வெளையுதுன்னா சார் கணக்கு எடுக்கறீங்க? நாம அனுப்பறத துன்னுது. அவ்ளோதான."

"வெளையறது மட்டும் இல்லம்மா. வீடு பெருக்கறதும் கணக்குதான். சம்பளம் குடுத்தா அது உற்பத்தி."

"குடுக்கலன்னா?"

சவரிநாதன் அடுத்த கேள்விகளுக்குப் போனார். அவள் சொன்ன விலாசத்தை எழுதிக்கொண்டு, மெட்ராஸில் ஆள் போய்ப் பார்ப்பார்கள் என்றார். கடைசியாக எப்போது ஊருக்கு வந்தாள்? முதல் இரண்டு பொங்கலுக்கு மண்டி லாரியில் வந்தாள், அதே லாரியில் போனாள் என்றாள் சின்னபொண்ணு. போன பொங்கலுக்குக் குழந்தைக்கு அம்மை போட்டிருப்பதாகச் சொன்னார்கள். இந்தப் பொங்கலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. திண்டிவனத்துக்கே போய்க் கேட்டதற்கு முதலாளி ஊரில் இல்லை என்று மண்டியில் சொல்லிவிட்டார்கள்.

"மெட்ராஸ் வூட்டுக்கு ஆளு போயி பாப்பாங்கன்னு சொன்னீங்களே, நெசமாவா?"

"போவாங்கம்மா. நீங்க சொன்னது சரிதானான்னு பாக்கணும்ல."

"கெவுருமெண்டு ஆளுன்னா உள்ள வுடுவாங்க." சின்னபொண்ணு கையிலிருந்த மல்லாட்டையை முறத்தில் போட்டுவிட்டு எழுந்து நின்றாள். "அப்ப ஒண்ணு சொல்லச் சொல்லுங்க சார். தாவணி எடுத்து வெச்சிருக்கேன். பச்சக் கலரு. வந்து கட்டிக்கினு போவச் சொல்லுங்க. இல்ல, வர முடியலன்னா நல்லா கீறன்னு ஒரு வார்த்த சொல்லி வுடச் சொல்லுங்க. எழுதிக்குங்க."

அதை எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை. ஆனாலும் சவரிநாதன் "சொல்றேன்மா" என்றார். அந்த நேரத்தில் அது அவருக்குப் பெரிய வாக்காகத் தோன்றவில்லை.

*

மாசி மாதத்தில் மேலதிகாரி ராஜாமணி மெட்ராஸிலிருந்து திண்டிவனத்துக்கு வந்து பயணியர் விடுதியில் தங்கினார். கிராமங்களில் சொன்னதையும் மெட்ராஸில் கண்டதையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை. கெட்டிக்காரர், கோபப்படாதவர். மேஜை மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பாமல் சவரிநாதன் பக்கம் திருப்பி வைத்தார்.

பெரும்பாலானவர்கள் பொருந்தினார்கள். முகையூர் மேஸ்திரி பொருந்தினான். அனந்தபுரத்து இட்லிக்கடைக்காரன் பொருந்தினான். பிறகு ராஜாமணி நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த ஆள் எங்கேயும் நிக்கலையே சவரிநாதன்."

"யாரு சார்?"

"செண்பகம். நம்ம ஆளுங்க அந்த வீட்டுக்குப் போயிருக்காங்க. புருஷன், பெண்டாட்டி, ரெண்டு குழந்தைங்க. வேலைக்காரங்க யாரும் இல்ல, எப்பவும் வெச்சிக்கிட்டதே இல்லன்னு சொல்லியிருக்காங்க. கேட்டதுக்கு அந்த அம்மாவுக்குக் கோவமே வந்துடுச்சாம்."

"விலாசம் தப்பா இருக்குமோ?"

"விலாசம் சரி. சுப்பராயலு மகள் வீடுதான்." ராஜாமணி கண்ணாடியைக் கழற்றினார். "ஒரே ஆள் ரெண்டு எடத்துல இருந்தா ஒரு எடத்துல அடிச்சிடலாம். அதுக்கு விதி இருக்கு. ரெண்டு எடத்துலயும் இல்லாத ஆள என்ன பண்றது?"

"பதினஞ்சு வயசுப் பொண்ணு சார். இல்லாம எப்படிப் போயிடுவா?"

"நான் பொண்ணப் பத்திப் பேசலைங்க. அவ செஞ்ச வேலையப் பத்திப் பேசறேன்."

அதை அவர் கடுமையாகச் சொல்லவில்லை. கொஞ்சம் வருத்தமாகவே சொன்னார். அந்த சுப்பராயலு உள்ளூரிலேயே இருப்பதால் ஒருமுறை நேரில் கேட்டுப் பாருங்கள், தெரியவில்லை என்றால் எடுத்துவிடலாம் என்றார்.

*

சுப்பராயலு மண்டியில் இருந்தார். நெற்றியில் விபூதி, தோளில் துண்டு, அடுக்கிய மூட்டைகளுக்கு நடுவே ஒரு மர நாற்காலி. வெளியே மெட்ராஸ் லாரிக்கு அரிசி ஏறிக்கொண்டிருந்தது. புழுங்கல் வாசனை தொண்டையில் உட்கார்ந்தது.

"வாங்க சார், உக்காருங்க. கலர் சாப்பிடறீங்களா? டேய், சாருக்கு ஒரு கலர்."

சவரிநாதன் விஷயத்தைச் சொன்னார். உங்கள் மகள் வீட்டில் செண்பகம் என்ற பெண் வேலை செய்கிறாளா?

"வேலைக்காரியா? யாரு சொன்னது?" சுப்பராயலுவின் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "அந்த மாதிரி வெச்சிருந்தா நாலு பேர் நாக்கு மேல பல்லு போட்டுப் பேச மாட்டாங்களா? எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி வளத்தோம் சார். அதே சாப்பாடு. தீபாவளிக்குப் பாவாட சட்ட."

"அப்ப குடும்பத்து ஆளுங்கள்ல அவ பேர ஏன் சொல்லல?"

"குடும்பத்துலயா?" அவர் சிரித்தார். "அது எப்படி சொல்லுவாங்க? மாதிரின்னுதான சொன்னேன்."

கலர் சோடா வந்தது. சவரிநாதன் அதைத் தொடவில்லை.

"சரிங்க முதலாளி. இப்ப அவ அந்த வீட்லதான இருக்கா?"

"இல்லியே. அனுப்பி வெச்சாச்சே. ஊருக்குப் போயிட்டாளே."

"எப்ப?"

"ஆடியில. ஆடிப்பெருக்குக்கு முன்னாடி."

லாரியில் யாரோ ஒருவன் மூட்டையைத் தவறவிட்டான். சுப்பராயலு அந்தப் பக்கம் திரும்பி வைதுவிட்டு மறுபடியும் இந்தப் பக்கம் திரும்பினார். சவரிநாதன் சொன்னார்:

"அவ ஊருக்கு வரலைங்க. அவங்க அம்மாவ போன மாசந்தான் பாத்தேன். இன்னும் மெட்ராஸ்லதான் இருக்கான்னு அந்த அம்மா நெனச்சிக்கினு இருக்குது."

சுப்பராயலு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது.

"பாண்டி பஸ்ஸுல ஏத்தி வுட்டிருக்காங்க. கண்டக்டர்கிட்ட சொல்லி. திண்டிவனத்துல எறங்கி விழுப்புரம் பஸ் ஏறணும், அங்கேர்ந்து முகையூர். அது தெரியாதா? பதினஞ்சு வயசு."

"அவ பஸ்ஸுல போனதே இல்லைங்க. எப்பவும் உங்க லாரியிலதான் போயிருக்கா, வந்திருக்கா."

சுப்பராயலு வெளியே நின்ற லாரியைப் பார்த்தார்.

"உங்ககிட்ட ஏன் சேக்கல? மண்டி இங்கதான இருக்குது, பஸ் ஸ்டாண்டுலேர்ந்து கூப்பிடு தூரம்."

"ஜல்தியா அனுப்ப வேண்டியதாப் போச்சு சார்." குரல் தாழ்ந்தது. "வயசுப் பொண்ணு. ஆம்பள இருக்கற வீடு. இதுக்கு மேல வெச்சிக்க முடியாதுன்னு எம் பொண்ணு சொல்லிச்சு. ஏன் எதுக்குன்னு நானும் கேட்டுக்கல. கேக்கற விஷயமா அது? சேந்திருப்பான்னு நெனச்சோம். இப்ப நீங்க வந்து இப்படி பேஜாரு பண்றீங்க."

*

சின்னபொண்ணுவிடம் எப்படிச் சொல்வது என்று முகையூர் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்த சவரிநாதனுக்கு, எந்த முனையிலிருந்து தொடங்கினாலும் ஒன்றுதான் என்று தோன்றியது. வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவள் அவரைப் பார்த்ததும் வரப்பில் ஏறி வந்தாள்.

"பாத்தாங்களா சார்?"

"அவ அங்க இல்லம்மா. ஆடி மாசமே ஊருக்குக் கிளம்பிட்டாளாம்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. அவரைத் தாண்டி, வண்டிப்பாதை வரைக்கும் எட்டிப் பார்த்தாள். "எங்க, பஸ்ஸாண்ட நிக்க வெச்சிட்டு வந்தீங்களா? கூச்சப்படுவா அவ. இருங்க, நானே போயி..."

பிறகு ஆடி என்ற சொல் அவள் காதில் விழுந்தது. அவள் விரல்களை மடக்கவில்லை, கணக்குப் போடவில்லை. அப்படியே வரப்பில் உட்கார்ந்தாள். மண் ஒட்டிய கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்த வயலிலிருந்து அம்சா ஓடி வந்தபோது அவள் அழவும் இல்லை.

போலீஸுக்கு சவரிநாதனே உடன் போனார். கிராமத்துக்கு உட்பட்ட ஸ்டேஷனில், பெண் இங்கே வந்து சேரவே இல்லையே, இங்கே எப்படிக் காணாமல் போனாள் என்று எழுதுவது என்று கேட்டார்கள். நடுவழியில் இருந்த ஸ்டேஷனில், அவள் இறங்கியதை யார் பார்த்தது என்றார்கள். மெட்ராஸில், பஸ் ஏறிவிட்டாள் அல்லவா, அதற்குப் பிறகு எங்களுக்கு என்ன என்றார்கள். அங்கே மட்டும் ஓர் ஏட்டு கொஞ்சம் இரக்கமாக விசாரித்தார்.

"அந்த வீட்ல என்னவா இருந்தா?"

"வேல செஞ்சிக்கினு இருந்தா சாமி" என்றாள் சின்னபொண்ணு.

"வேலைக்காரியே வெச்சிக்கலன்னு அவங்க சொல்றாங்களே. மக மாதிரி இருந்தான்னு சொல்றாங்க."

"அப்படியும் சொல்லுவாங்க சாமி."

"மகள்னா, அவங்க வந்து புகார் குடுக்கட்டும்மா. நீ வேலைக்காரின்னு குடுக்கற, அவங்க மகள்னு சொல்றாங்க. நான் எத எழுதறது?"

புகார் எழுதாமலே இருவரும் திரும்பினார்கள். வரும் வழியில் பஸ்ஸில் அவள் ஒரே ஒரு முறைதான் பேசினாள். செங்கல்பட்டு தாண்டி ஏரிக்கரை ஓரமாகப் போகும்போது, "இந்தத் தண்ணியெல்லாம் பாத்துக்கினு வந்திருப்பா இல்ல" என்றாள்.

ராஜாமணியிடம் டிரங்க்கால் போட்டு நடந்ததைச் சொன்னார் சவரிநாதன். கம்பியில் இரைச்சல். ராஜாமணி வருத்தப்பட்டார். தனக்குத் தெரிந்த ஓர் அதிகாரியிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்றார். சொல்லியும் பார்த்தார் என்று பிறகு தெரிந்தது. அதில் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், "அவளை ரெண்டு பக்கத்துலேர்ந்தும் எடுத்துடுங்க சவரிநாதன். சம்பளமும் இல்ல, ஆளும் இல்ல. ஒருத்தியால மெட்ராஸ் கொறஞ்சிடாது" என்றார்.

உண்மைதான். குறையவில்லை.

*

சித்திரையில் திண்டிவனம் பஸ் நிலையத்தில் மறுபடியும் மேஜை போட்டார்கள். மெட்ராஸ் பஸ்கள் நிற்கும் பக்கம் வேப்ப மரத்தடியில் சவரிநாதன் உட்கார்ந்திருந்தார். ஏறப் போகிறவர்களை நிறுத்தி, எங்கே, எதற்கு, எவ்வளவு நாள் என்று கேட்க வேண்டும். வேலைக்கு என்றால் தனி, வியாபாரம் என்றால் தனி, ஆஸ்பத்திரி என்றால் தனி. கோட்டக்குப்பத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் மீனம்பாக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மகன் துபாயிலிருந்து வருகிறானாம். உற்சாகமாகப் பதில் சொன்னார்கள். ரோட்டில் ஜல்லி லாரிகளும் சவுக்கு லாரிகளும் வடக்கே போய்க்கொண்டே இருந்தன.

உச்சி வெயிலில் சின்னபொண்ணு வந்து மேஜைக்கு முன்னால் நின்றாள். கையில் ஒரு துணிப்பை. இளைத்திருந்தாள்.

"இங்கதான் இருப்பீங்கன்னு அம்சா சொல்லிச்சு."

"உக்காருங்கம்மா. சாப்பிட்டீங்களா?"

அவள் உட்காரவில்லை. அவர் ஓர் ஆளை நிறுத்திக் கேட்பதை, அவன் சொல்வதை, அவர் எழுதுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போறவங்கள எல்லாம் கேக்கறீங்களே சார், வர்றவங்களக் கேக்க மாட்டீங்களா?"

"இல்லம்மா. மெட்ராஸ் போறவங்கள மட்டும்தான்."

"ஏன்?"

"மெட்ராஸ்ல என்ன வேல நடக்குதுன்னுதான கணக்கு. அதுக்குப் போறவங்க போதும். திரும்பி வர்றவங்ககிட்ட கணக்குக்கு ஒண்ணும் இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். புரிந்துகொண்டவள் போலத்தான் இருந்தது.

"போன தபாவும் இங்கதான் உக்காந்திருந்தீங்களா?"

"ஆமா."

"அது எந்த மாசம்?"

சவரிநாதன் வாயைத் திறந்தார். அந்தச் சொல்லைச் சொல்வதற்கு முன்பே அது எங்கே போய் விழும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை நாள் அவருக்கு அது தோன்றாமல் இருந்ததும் இல்லை. தோன்றும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்.

"ஆடி" என்றார். "ஆடி முழுக்க."

"இதே எடத்துலயா?"

"இதே மரத்தடியிலதான்மா."

சின்னபொண்ணு அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தாள். அது மெட்ராஸ் பஸ்களைப் பார்த்துப் போட்டிருந்தது. பிறகு அதன் பின்னால் பார்த்தாள். அங்கே மெட்ராஸிலிருந்து வந்த பாண்டி பஸ் ஒன்று நின்று, ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. பத்துத் தப்படி கூட இருக்காது.

"அப்ப உங்க முதுகாண்டதான் எறங்கியிருப்பா" என்றாள்.

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. ஓர் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டவளின் குரல்.

"எறங்கி, விழுப்புரம் பஸ் எதுன்னு கேட்டிருப்பா. யாரையாச்சும் கேட்டிருப்பா இல்ல? மேச போட்டுக்கினு ஒரு ஆளு உக்காந்து கீறாரேன்னு பாத்திருப்பா."

"அம்மா..."

"வந்து கேட்டாளா சார்? நெனவு கீதா? மாநெறம். நெத்தியில ஒரு வடு. மாடு முட்னது."

நினைவில் இல்லை. ஆடியில் அந்த மேஜைக்கு எத்தனையோ பேர் வந்து, அந்த பஸ் எங்கே நிற்கும், இந்த பஸ் எப்போது வரும் என்று கேட்டார்கள். அவர்கள் மெட்ராஸ் போகிறவர்கள் இல்லை என்று தெரிந்ததும் முகத்தைக்கூடப் பார்க்காமல் கையைக் காட்டி அனுப்பியிருந்தார். அதை அவளிடம் சொல்லலாமா என்று யோசித்தார். சொல்லி என்ன ஆகப் போகிறது?

"நெனவு இல்லம்மா."

அவள் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். பையின் வாயில் பச்சைத் துணி கொஞ்சம் தெரிந்தது.

மெட்ராஸ் பஸ் ஒன்று வந்தது. சவரிநாதன் எழுந்து, ஏறப் போகிறவர்களை நிறுத்தினார். எங்கே, எதற்கு, எவ்வளவு நாள். ஒருவன் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. பாண்டி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டிருந்தாள்.

"எங்கேர்ந்து வர்றீங்க? மெட்ராஸா? கூட யாராச்சும் பொண்ணு வந்துதா?"

யாரோ எரிச்சலாக, "இன்னாத்துக்கும்மா கேக்கற?" என்றார்.

"கணக்கு எடுக்கறேங்க" என்றாள் சின்னபொண்ணு. "வர்றவங்க கணக்கு."